முதுகு காட்டி நின்ற மனிதர்

நான் வேலை பார்த்த பிசியோதெரபி பிரிவு புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் ஷீலா போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுவரிலிருந்து கழற்றித் தரையில் சாய்த்து வைத்து எடுத்த படம். தேக்குச் சட்டம், கண்ணாடி, உள்ளே தோல் இல்லாத மனிதர் ஒருவர் முதுகு காட்டி நிற்கிறார். கூடவே ஒரு குரல் பதிவு: "அக்கா, இப்போ நாங்க எல்லாத்தையும் திரையில காட்டுதோம். விரலால தள்ளுனா சதை ஒவ்வொண்ணா விலகுது. இது எதுக்கு இத்தன வருஷமா இங்கன தொங்குச்சு? புது ரூமுல மாட்டவா, வேண்டாமா?"

மாட்டுவதும் மாட்டாததும் உன் விருப்பம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். எதற்குத் தொங்கியது என்ற கேள்விக்குத்தான் போனில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். வாப்பா கைத்தறி லுங்கி வியாபாரம் செய்தார்கள். நான் மதுரையில் படித்து முடித்து வேலைக்குப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆண்பிள்ளைகளின் உடம்பைத் தொட்டல்லவா வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். "நாடி புடிக்க டாக்டரம்மா கையில துணிய சுத்திக்கிட்டா புடிக்காவ?" என்று வாப்பா கேட்டார்கள். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே மருத்துவமனைதான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் பிரமநாயகம். கை அறுவை சிகிச்சை நிபுணர். பழைய சைவக் குடும்பம். நிலமெல்லாம் தாத்தா காலத்தோடு போய், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன வீடு. அந்தப் படம் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஊரை விட்டுக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்களாம். ஒரு பெட்டிப் புத்தகத்தோடு டாக்டரின் தாத்தா இதையும் எடுத்து வந்திருக்கிறார். "வீட்ல மாட்டுனா பிள்ளைக ராத்திரி வெளிய எந்திரிச்சுப் போக மாட்டேங்குதுவ. இங்கன இருக்கட்டும்" என்று சொல்லி, ஆள் வைத்து எங்கள் அறைச் சுவரில் ஆணி அடித்தார்.

அது செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட படம். தாள் தடித்துப் பழுத்து, ஓரங்களில் தேயிலைக் கறை போலப் புள்ளிகள். அந்த மனிதர் ஒரு பாறைமேல் கால் அகட்டி நிற்பார். காலடியில் புல், தூரத்தில் ஆறு, ஆற்றின்மேல் வளைவு வளைவாகப் பாலம். தோல்தான் இல்லை, மற்றபடி காலையில் குளித்துவிட்டு ஊரைப் பார்த்து நிற்கிற ஆள் மாதிரி நிதானமாக நிற்பார். இடப்பக்கம் மேல்தசைகள் அப்படியே ஒட்டியிருக்கும். வலப்பக்கம் மட்டும் அவற்றைப் பிரித்துக் கீழே தொங்கவிட்டு, அடியில் இருப்பதைக் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தசைமேலும் மணல் அளவில் ஓர் எழுத்து.

வந்தவர்களில் சிலர் பயந்தார்கள். சிலர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ஆனால் பீடி சுற்றும் பெண்களுக்கு அது உதவியது. நாள் முழுக்கக் குனிந்து சுற்றுகிறவர்கள், கழுத்தும் தோளும் கல்லாகி வருவார்கள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இங்கனதான்... பொதுவா..." என்று நிறுத்திவிடுவார்கள். டாக்டர் ஒரு நாள் படத்தைக் காட்டி, "உங்க உடம்புல காட்ட வேண்டாம்மா. அந்தாளு உடம்புல காட்டுங்க" என்றார். அந்தப் பெண் எழுந்து போய், தோள்பட்டையின் உள்விளிம்பில் சரியாக ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இந்தா, இதுக்கு அடியில. ஊசி வச்சுக் குத்துத மாதிரி." அதன்பிறகு யார் வந்தாலும் அப்படித்தான். கண்ணாடியை வாரத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது.

டாக்டர் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் வெந்நீர் கேட்பார். சித்திரை வெயிலிலும் கேட்பார். கையை அதில் முக்கித் துடைத்துவிட்டு, "தொடட்டுமா?" என்று கேட்டு, தலை அசைந்த பிறகுதான் தொடுவார். "சில்லுன்னு கை பட்டா சதை இறுகிப் பொய் சொல்லும்" என்பார். அவர் எனக்குச் சொல்லித் தந்த தசைப் பரிசோதனையை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். முதலில் நல்ல கையைப் பார்க்க வேண்டும். பிறகு அசைவு வராத கையின் எடையை நம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு கையின் இரண்டு விரல்களைத் தசைமேல் வைத்து, அழுத்தாமல், காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு அசைவு தெரியாமல் விரலடியில் மட்டும் ஒரு துடிப்பு வந்தால் அதற்கு ஒன்று. எடையை நாம் தாங்கும்போது அசைந்தால் இரண்டு. தானே தன் எடையைத் தூக்கினால் மூன்று. நாம் எதிர்த்துத் தள்ளியும் நின்றால் நாலு, ஐந்து. ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம். பூஜ்யம் என்று சொல்வதற்கு முன்னால் இன்னொரு நாள் பார்க்க வேண்டும் என்பது அவர் விதி.

ஒருமுறை நான் ஒரு நோயாளியிடம், "கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றேன். அவர் வெளியே போனதும் டாக்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பாத்திமா, நரம்பு அறுந்தவன் சோம்பேறி இல்ல. முயற்சி பண்ணாமலா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வாரான்? எதைச் செய்யணும்னு சொல்லு. முயற்சிய அவரு பாத்துக்கிடுவாரு."

உவரியிலிருந்து மிக்கேல் வந்தது நான் வேலையில் சேர்ந்து சில வருஷங்கள் கழிந்த பிறகு. நாற்பதை நெருங்கும் மீனவர். கரையேறும்போது அலை வள்ளத்தைப் புரட்டி வலத்தோளில் போட்டிருக்கிறது. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகளில் மேலே உள்ளவை அறுந்துவிட்டன. ஒரு வருஷம் வேறு வேறு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். தோள் ஓரளவு தானாகவே தேறிவிட்டது. விரல்கள் எல்லாம் நன்றாக வேலை செய்தன. பிடித்தால் இரும்புப் பிடி. ஆனால் முழங்கை மடங்கவில்லை. அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாது.

மிக்கேல் அறைக்குள் வந்ததும் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். "இது எங்க பர்த்தலமேயு அப்போஸ்தலர்லா? அவரத்தான் தோல உரிச்சுக் கொன்னாவ."

"இல்லவே" என்றார் டாக்டர். "யாரோ ஒரு மனுஷன். அந்தக் காலத்துல தூக்குல போட்டவங்க உடம்பத்தான் அறுத்துப் பாத்து வரைவாங்களாம். பேரு எழுதி வைக்கல்ல."

மிக்கேல் இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டு, "யாரா இருந்தா என்ன. ஆத்துமா இளைப்பாறட்டும்" என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி லூர்தம்மாளும் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் வெந்நீரில் கை நனைத்துவிட்டு, மிக்கேலின் வலது அக்குளின் பின்பக்க மடிப்பை விரல்களுக்கு இடையே பிடித்தார். "இருமும்."

மிக்கேல் இருமினார். டாக்டர் என் விரலை அங்கே வைத்து, மறுபடி இருமச் சொன்னார். கயிறு விண்ணென்று விறைப்பது போல அந்த மடிப்பு என் விரலுக்கடியில் கெட்டியானது. முதுகை அகலமாக மூடி அக்குள் வழியாகக் கையில் வந்து முடிகிற தசை அது. துடுப்பு வலிக்கவும், வலை இழுக்கவும், மரம் ஏறவும் அதுதான் வேண்டும். இருமும்போது அது தானாகவே இறுகும். அதன் நரம்பு அறுபடவில்லை.

டாக்டர் அவரைப் படத்தின் அருகே கூட்டிப் போனார். இடப்பக்கம் அந்தத் தசை இடுப்பிலிருந்து அக்குள்வரை விரிந்து கிடந்தது. வலப்பக்கம் அதையே முதுகிலிருந்து பெயர்த்து, கை எலும்போடு ஒட்டிய நுனியில் மட்டும் தொங்கவிட்டிருந்தார்கள், கொடியில் போட்ட துண்டு மாதிரி.

"இந்தா பாரும். இந்தச் சதைய இந்தாளுக்குப் பேத்துத் தொங்க விட்டுருக்காம்லா? அதே மாதிரி உமக்கும் நான் பேப்பேன். ஆனா நரம்பையும் ரத்தக் குழாயையும் அறுக்க மாட்டேன். அதோட சேத்து அக்குள் வழியா முன்னால கொண்டாந்து, மேல ஒரு நுனியத் தோளுலயும், கீழ ஒரு நுனிய முழங்கைக்குக் கீழயும் தச்சிருவேன். முதுகுல இருந்தது கைக்கு வந்துரும். பொறவு கை மடங்கணும்."

"இம்புட்டுப் பெரிய சதையா முதுகுல இருக்கு" என்று மிக்கேல் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்போ இழுக்கதுக்கு?"

"இந்தப் பக்கம் இழுப்பு போயிரும்" என்றார் டாக்டர்.

முழங்கை மடங்காவிட்டாலும் மிக்கேல் அப்போதும் கரைமடி இழுக்கப் போய்க்கொண்டிருந்தார். கடலுக்குள் போக முடியாது. ஆனால் வலையைக் கரையிலிருந்து இழுக்கும் வரிசையில் நின்று, கை நீட்டினபடியே கயிற்றைப் பிடித்து, முதுகால் இழுப்பார். அந்த முதுகைத்தான் டாக்டர் கேட்டார்.

லூர்தம்மாள்தான் முதலில் பேசினாள். "போனாப் போவட்டும். எங்க அண்ணன் மீனு எடுத்துக் களக்காட்டுப் பக்கம் யாவாரம் பாக்கான். கூட ஒரு ஆளு வேணும்னு கேட்டுக்கிட்டே கெடக்கான்."

"ஏட்டி, சும்மா இரு" என்றார் மிக்கேல். "எங்கப்பன் கடல்ல கெடந்தான். நான் பிளாஸ்டிக் பெட்டிய கட்டிக்கிட்டு 'மீனு மீனு'ன்னு தெருவுல போவவா?"

டாக்டர் இரண்டு பேருக்கும் நடுவில் நுழையவில்லை. "இன்னொண்ணும் கேட்டுக்கிடும். சதை பிடிக்காமலும் போவலாம். அப்போ கையும் மடங்காது, இழுப்பும் இருக்காது. வீட்டுக்குப் போயி யோசியும். நான் கூப்பிட மாட்டேன். வேணும்னா நீரா வாரும்" என்றார்.

அவர்கள் போனபிறகு நான் கேட்டேன்: "சார், பிடிக்காமப் போகும்னு சொன்னா யாரு சார் வருவா?"

"வராட்டா வேண்டாம்" என்றார்.

ஈஸ்டர் கழிந்து மிக்கேல் வந்தார். என்ன மனம் மாறிற்று என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். பந்தியில் இடது கையால் சாப்பிட மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் போகிற மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து அவர் வாயில் வைத்திருக்கிறாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியல. ஆசையாத்தான் குடுத்தா. சுத்தி எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாவ. நான் முழுங்கிட்டேன்" என்றார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. முழங்கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தோம். தைத்த இடம் உறுதியாகும்வரை அதை நீட்டக் கூடாது. கட்டுப் பிரித்தபிறகு என் வேலை ஆரம்பித்தது. மின்தூண்டல் கருவியின் பட்டையைப் புஜத்தில் வைத்து அழுத்தினால் சதை உருண்டு எழுந்தது, முழங்கை மெல்ல மடங்கியது. உயிர் இருக்கிறது. கருவியை எடுத்துவிட்டு, "இப்போ நீங்க" என்றால் ஒன்றுமில்லை. என் இரண்டு விரலும் காத்திருக்கும். பூஜ்யம். மறுநாள் பார்ப்பேன். பூஜ்யம்.

அந்தத் தசைக்குப் பழைய வேலைதான் தெரியும். அதனால் பழைய வேலையைச் சொல்லித்தான் அதைக் கூப்பிட வேண்டும். "அண்ணாச்சி, மடி இழுக்க மாதிரி கையப் பின்னால இழுங்க" என்று நாள்தோறும் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மாறும், உடம்பு முழுக்க விறைக்கும், அந்த ஒரு தசை மட்டும் அசையாது. வாரக்கணக்கில் இப்படியே போனது. எங்கள் மருத்துவமனையில் இந்த அறுவை அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வேண்டியது டாக்டர் மட்டுமல்ல, நானும்தான் என்ற பயம் எனக்கு.

ஒரு நாள் மிக்கேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. மடி இழுக்க மாதிரின்னு நீங்க சொல்லுதீய. அந்த இழுப்பத்தான் டாக்டருகிட்ட குடுத்தாச்சே. குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்க?"

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார். "அப்போ அந்த வார்த்தைய விட்டுரு. நாமதான் அவருக்குத் தப்பான வார்த்தைய குடுத்திருக்கோம். ரெண்டு நாளு ஒண்ணும் கேக்காத. எண்ண போட்டுப் பைய நீவி மட்டும் விடு."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மிக்கேல் சளியோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நான் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று லூர்தம்மாளின் குரல் கேட்டது. "யம்மா, இங்கன வாங்க. இவரு கை துள்ளுது."

ஓடிப் போனேன். மிக்கேல் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். மடியில் மல்லாக்கக் கிடந்த வலது கை, ஒவ்வொரு இருமலுக்கும் கொஞ்சம் எழும்பி எழும்பி விழுந்தது. அறுவைக்கு முன்னால் அக்குளில் பிடித்துப் பார்த்த அதே இருமல். இடம் மாறியது அந்தத் தசைக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மிக்கேலுக்கும் தெரிந்திருக்கவில்லை; இருமுகிறவன் கையையா பார்ப்பான்?

உள்ளே கூட்டிவந்து, முழங்கையின் எடையை என் கையில் வாங்கி, இரண்டு விரலைப் புஜத்தில் வைத்தேன். அவருடைய இடது கை விரல்களையும் என் விரல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். "இப்போ இருமுங்க. கைய நினைக்காதீய. விரலுக்கடியில என்ன வருதுன்னு மட்டும் பாருங்க."

இருமினார். கண்ணை விரித்து என்னைப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. உள்ள ஒரு மீனு திரும்புத மாதிரி."

மறுபடி இருமினார். மறுபடி வந்தது. நிஜ இருமல் தீர்ந்துபோய்ப் பொய் இருமல் இருமினார், அதற்கும் வந்தது. அன்று சாயந்திரம் டாக்டர் வந்து, வெந்நீரில் கையை நனைத்து, தொட்டுப் பார்த்தார். "ரெண்டு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பொறுமைதான். முதலில் இருமினால் மட்டும் மடங்கியது. இருமலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கச் சொன்னேன். செருமல் ஆயிற்று. செருமி, மடக்கி, அப்படியே நிறுத்தி, மனதுக்குள் பத்து எண்ணுவது. தை மாதம் கேன்டீனிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடித் தம்ளரில் பாதி டீ. மிக்கேல் தொண்டையைச் செருமினார். தம்ளர் நடுங்கிக்கொண்டே வாய்க்குப் போனது. லூர்தம்மாள் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். டீ பாதிக்குமேல் சட்டையில்தான் போயிற்று. ரொம்ப காலம் அவர் எதைத் தூக்கினாலும் முதலில் ஒரு செருமல் வரும். வீட்டில் அவர் செருமினால், அப்பா சாப்பிட உட்கார்ந்துவிட்டார் என்று மகள் தட்டு எடுத்துவருவாள் என்று லூர்தம்மாள் சொன்னாள். பிறகு அதுவும் நின்றுபோனது.

மைத்துனரோடு மீன் வியாபாரத்துக்குப் போனார். களக்காடு, ஏர்வாடி என்று ஒரு சுற்று. நன்றாகவே நடந்தது.

இதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு சிலுவை என்று ஒரு மீனவர் வந்தார். உவரிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அதே அடி, அதே கை, அதே கரைமடி. டாக்டர் அவரையும் படத்தின் முன்னால் நிறுத்திச் சொன்னார். சிலுவைக்குத் தயக்கம். "செஞ்சுக்கிட்டவரு ஒருத்தரு இருக்காரு. வரச் சொல்லுதேன். அவருகிட்ட பேசும்" என்று டாக்டர் மிக்கேலுக்குச் சொல்லி அனுப்பினார்.

மிக்கேல் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். இவர் கையைத் தூக்கிக் காட்டினாலே போதும், சிலுவை ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

மிக்கேல் முதலில் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். "இந்தா பாரு, முதுகுல எம்புட்டுக் குழி. இதுதான் எடுத்த எடம்" என்றார். பிறகு திரும்பி, தரையில் இருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து, முழங்கையை மடக்கிக் காட்டினார். "இதுதான் கெடச்சது." சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மடி இழுக்கப் போவ முடியாது. மொத வருஷம் நான் கடக்கரப் பக்கமே போவல. இழுக்க சத்தம் வீட்டுக்குக் கேக்கும். காத அடைச்சுக்கிட்டுக் கெடப்பேன். இப்பவும் சில நாளு கேக்கத்தான் செய்யுது. ஆனா என் சோத்த நான் திங்கேன். ரெண்டுல எது வேணும்னு நீதாம்லே பாக்கணும்."

சிலுவை எழுந்து, "எனக்கு வேண்டாம் ஐயா. இழுக்க முடியிற மட்டும் இழுக்கேன்" என்று டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வாசலில் மிக்கேலைப் பிடித்தேன். "என்ன அண்ணாச்சி, இப்படிச் சொல்லிட்டீய. உங்க கை எம்புட்டு நல்லா இருக்கு. அத மட்டும் சொல்லியிருந்தா அவரு செஞ்சிருப்பாரு."

"செஞ்சிருப்பான்" என்றார் மிக்கேல். "பொறவு ஒரு நாளு கடக்கரையில நின்னு என்னயும் ஏசுவான், உங்களயும் ஏசுவான். டாக்டரு எனக்கு ரெண்டையும் சொன்னாரு, தங்கச்சி. அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் நான் யாரையும் ஏசல."

உள்ளே வந்து அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். வெந்நீர் ஆறிவிட்டது, மாற்றிக் கொண்டு வா என்றார். அடுத்தவர் உள்ளே வந்தார்.